நோமவேத்து தவணை கட்டிய விதம்

தென்னாப்பிரிக்காவில், கொமானி ஊரின் பெரிய தெருவில் இருந்த அந்த மரச்சாமான் கடையில் தவணை கட்டப் பல வழிகள் இருந்தன. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் வுயோகாசியிடம் நேரில் கட்டலாம். வங்கியில் கட்டலாம். சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளும்படி வேலை செய்யும் இடத்தில் எழுதிக் கொடுக்கலாம். இல்லையென்றால் எதிரே இருந்த சூப்பர் மார்க்கெட்டில், சோள மாவு வாங்குகிற அதே வரிசையில் நின்று, கணக்கு எண்ணைச் சொல்லிக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். பெண்கள் பெரும்பாலும் நேரில்தான் வருவார்கள். முகம் பார்த்துக் கொடுத்தால்தான் கொடுத்த மாதிரி இருக்கும் அவர்களுக்கு.

நோமவேத்து மட்டும், வுயோகாசி இருக்கும்போது ஒருநாளும் கடைக்குள் கால் வைத்ததில்லை. கட்டில் வாங்கியபோதுகூட வுயோகாசி விடுப்பில் இருந்த நாளாகப் பார்த்து வந்து வாங்கிப்போனாள். தவணையெல்லாம் சூப்பர் மார்க்கெட்டில்தான். ஏனென்று வுயோகாசிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நோமவேத்து அவளுடைய நாத்தனார். செத்துப்போன புருஷனுக்கு மூத்தவள்.

புருஷன் லுவாண்டிலே ரஸ்டன்பர்க் சுரங்கத்தில் பாறை சரிந்து செத்தான். பெட்டியில் வந்தவனைப் புதைத்த மறுநாள், துக்கத்துக்கு வந்த சனம் கலையும் முன்பே, நோமவேத்து தம்பி பெண்டாட்டியின் பையை முற்றத்தில் கவிழ்த்துக் கொட்டினாள். உள்பாவாடை, சீப்பு, செருப்பு எல்லாம் மண்ணில் விழுந்தன. ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி உருண்டது.

"இதோ பாருங்க! என் தம்பியைத் தின்ன சூனிய மருந்து!"

"அக்கா, அது முடிக்குத் தடவுற எண்ணெய். மோந்து பாருங்க."

யாரும் மோந்து பார்க்கவில்லை. பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெண்ணுக்குப் பரிசமாக மாடு கொடுத்த வீடு அது. வுயோகாசி வெளியேற வேண்டும், பிறந்த பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் என்று முடிவாயிற்று. ஏழு வயது மகள் செசெத்து அத்தையின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு வுயோகாசி பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கி அனுப்பினாள். அடிப்பாகம் இரண்டும் கத்தியால் அறுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அவள் எதுவும் அனுப்பவில்லை. அந்தத் தெருப்பக்கமே போனதுமில்லை. நாலு வருஷம் ஓடிவிட்டது.

அந்த ஜூலையில் நோமவேத்துவின் தவணை இரண்டு மாதம் நின்றது. சனிக்கிழமை வண்டி வந்து கட்டிலை எடுத்துப்போகும் என்று கடையிலிருந்து கைப்பேசிக்குச் செய்தி போயிற்று. வெள்ளிக்கிழமை மதியம், எண்ணெய் வாடை அடிக்கும் மேல்துணியோடு, நோமவேத்து வரிசையில் வந்து நின்றாள். ஆள் சேர்த்து ஓடும் வேன்கள் நிற்கும் டாக்சி நிலையத்தில் எண்ணெய்ச் சட்டி வைத்து மாவுருண்டை பொரித்து விற்பவள். சட்டியை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு ஓடி வந்திருந்தாள்.

கண்ணாடியின் அடியில் ஒரு சீட்டைத் தள்ளினாள்.

"ரெண்டு மாசத்தையும் நேத்து எதிர்க்கடையில கட்டிட்டேன். ரசீது."

வுயோகாசி பார்த்தாள். அசல் ரசீது. சூப்பர் மார்க்கெட்டில் கட்டிய பணம் கடைக்கு வந்து சேர இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதுவரை, ரசீதைப் பார்த்தவள் கணினியில் ஒரு வரி தட்டிவிட்டால் வண்டி போகாது. அந்த வாரத்திலேயே எத்தனையோ பேருக்கு அவள் அப்படித் தட்டியிருந்தாள்.

"பணம் இன்னும் வரலியே."

"கையில ரசீது இருக்குல்ல?"

"இருந்து என்ன? அன்னைக்கு என் கையில இருந்தது வெறும் எண்ணெய்க் குப்பிதான். நானும் சொன்னேன். யார் கேட்டீங்க?"

நோமவேத்துவின் தாடை இறுகியது. "கட்டிலை எடுத்துட்டா..." என்று ஆரம்பித்தவள் மீதியை விழுங்கிக்கொண்டாள்.

"எடுத்துட்டா என்ன? தரை இருக்கு. உங்க தம்பியும் மண்ணுலதானே படுத்திருக்கார்."

பின்னால் நின்ற ஒருத்தி, "ஏம்மா, சீக்கிரம் முடிங்க. எனக்கு டாக்சி போயிரும்" என்றாள். 

நோமவேத்து கண்ணாடியை ஒட்டிக் குனிந்தாள். "நாளைக்கு வண்டி அனுப்ப வேணாம்."

"அதை எப்படிக் கேக்கணுமோ அப்படிக் கேளுங்க."

"தயவு பண்ணு."

"கண்ணாடி மறைக்குதுக்கா. காது கேக்கல. சத்தமா."

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த புதுத் தம்பதிகூட எழுந்து நின்றார்கள். நோமவேத்து கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள்: "தயவு பண்ணு, மகோட்டி!"

மகோட்டி. வீட்டுக்கு வாழ வந்த மருமகளை அழைக்கும் சொல். நாலு வருஷமாக அவளை யாரும் அப்படி அழைக்கவில்லை. அந்தச் சொல் வுயோகாசிக்குத் தொண்டை வரை இனித்தது. ரசீதை மடித்துக் கண்ணாடிக்கு அடியில் திருப்பித் தள்ளினாள்.

"திங்கக்கிழமை வந்து பாருங்கக்கா. அடுத்த ஆள்!"

சனிக்கிழமை காலையில், வழக்கத்துக்கு மாறாக, காகிதங்களை எடுத்துக்கொண்டு தானே வண்டியில் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு உடுத்துகிற உடுப்பு. வண்டியோட்டி லுங்கிலே அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"என்ன தங்கச்சி, கல்யாணத்துக்கா?"

"கல்யாணம் இல்லண்ணே. காரியம்."

வீட்டு வேலிக்கு வெளியே அண்டை வீட்டார் ஏற்கெனவே கூடியிருந்தார்கள். கடை வண்டி தெருவுக்குள் நுழைந்தால் அதன் சத்தமே ஆளைக் கூட்டிவிடும். நோமவேத்து வாசலில் நின்றாள். முந்தின நாள் கெஞ்சியவளின் சுவடே அந்த முகத்தில் இல்லை.

"உள்ள வா. உன் சாமான் உள்ளதான் இருக்கு."

வுயோகாசி நிமிர்ந்த தலையோடு உள்ளே போனாள். லுங்கிலே பின்னாலேயே வந்தான். நாத்தனாருடைய அறைக்குள் நுழைய அவள் திரும்பியபோது, "அந்தப் பக்கம் இல்ல" என்று எதிர் அறையைக் காட்டினாள் நோமவேத்து.

கட்டிலில் செசெத்து கிடந்தாள். நெஞ்சுக்குக் கீழிருந்து ஒரு கால் முழுக்க மாவுக்கட்டு. முகம் வளர்ந்து லுவாண்டிலேயின் முகமாகவே ஆகியிருந்தது. கண் மட்டும் வுயோகாசியின் கண். அந்தக் கண் அவளை அடையாளம் கண்டுகொண்டது, ஆனால் அசையவில்லை.

"டாக்சி இடிச்சுருச்சு. இடுப்பெலும்பு" என்றாள் நோமவேத்து. "தரையில போட்டா கோணலாக் கூடிரும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. அதுக்குத்தான் கட்டில். ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சதுலதான் தவணை நின்னுச்சு."

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீ யாரு சொல்றதுக்கு?"

வுயோகாசி தன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். பொருளைத் தானாக, மனம் ஒப்பித் திருப்பிக் கொடுக்கிறேன் என்று வாடிக்கையாளர் கையெழுத்துப் போடுகிற காகிதம் அது. அது இல்லாமல் கடைக்காரன் ஒரு தலையணையைக்கூட எடுக்க முடியாது. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். இது எந்த வீட்டிலும் தெரியாது. தெரியாதபடி பார்த்துக்கொள்வதுதான் வுயோகாசியின் வேலையே.

"அக்கா, கையெழுத்துப் போடாதீங்க" என்றாள். "நீங்க போடலன்னா யாரும் எடுக்க முடியாது. சட்டம் அது. லுங்கிலேண்ணே, வண்டியைத் திருப்புங்க. இவங்க பணம் கட்டியாச்சு."

"கட்டியாச்சா? எப்போ?" என்றான் லுங்கிலே.

"வியாழக்கிழமையே. நான் ரசீதைப் பார்த்தேன்."

சன்னலுக்கு வெளியே முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வுயோகாசியையே பார்த்தான்.

நோமவேத்து கட்டிலின் பக்கம் திரும்பினாள். குரலில் கோபமே இல்லை. "செசெத்து, கேட்டுக்கிட்டியா? பணம் கட்டியாச்சுன்னு தெரிஞ்சே வண்டியோட வந்திருக்கா. ‘எங்கம்மா அப்படி என்னதான் செஞ்சா அத்தே’ன்னு கேட்டுக்கிட்டே இருப்பியே. இன்னைக்கு நீயே பாத்துட்டே."

"செசெத்து, அம்மாவுக்குத் தெரியாதுடி. கட்டில் உனக்குன்னு சத்தியமாத் தெரியாது."

பிள்ளை முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டது.

"பேனா குடு" என்றாள் நோமவேத்து.

வுயோகாசி காகிதத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். நோமவேத்து அவள் கையை முறுக்கிப் பிடுங்கினாள். லுங்கிலேயின் சட்டைப்பையிலிருந்த பேனாவைத் தானே எடுத்து, சுவரில் காகிதத்தை வைத்துத் தன் பெயரை நிறுத்தி நிறுத்தி எழுதினாள்.

"அக்கா, உங்க கால்ல விழறேன். பிள்ளை இடுப்பு..."

"காது கேக்கல மகோட்டி. சத்தமாச் சொல்லு."

வுயோகாசி முழந்தாளிட்டாள். வேலிக்கு வெளியே நின்ற சனம் கேட்கும்படி கதறினாள். நோமவேத்து கடைசி வரை கேட்டாள். பிறகு குனிந்து, பிள்ளையை மாவுக்கட்டோடு அள்ளித் தூக்கித் தரையில் விரித்திருந்த பாய்மேல் கிடத்தினாள். வலியில் பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டது.

"எடுத்துட்டுப் போங்க. இவ கை பட்ட கட்டில்ல என் தம்பி பிள்ளை படுக்காது."

திங்கட்கிழமை பணம் வந்து சேர்ந்தது. மேலாளர் ஃபூரி வுயோகாசியை அழைத்துக் கடிந்துகொண்டார். "பணம் கட்டின வீட்லயா கட்டிலை எடுப்பீங்க? நல்லவேளை, கையெழுத்து இருக்கு. தப்பிச்சோம்." கட்டில் பழைய சாமான் விலைக்குப் போனது. இன்னும் கட்ட வேண்டியிருந்த தவணைகளுக்கு அந்தக் காசு போதவில்லை. மீதியைக் கட்டும்படி நோமவேத்துவுக்கே கடிதமும் போயிற்று.

வுயோகாசி அதே வாரம் தன் பெயரில் கணக்குத் திறந்து, அதைவிட நல்ல கட்டிலாக, தடித்த மெத்தையோடு, தவணையில் எடுத்து லுங்கிலேயிடம் கொடுத்தனுப்பினாள். யார் வாங்கியதென்று சொல்ல வேண்டாம் என்று அவனிடம் கெஞ்சினாள். அவனும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? கடை வண்டியே சொல்லிவிட்டது. நோமவேத்து முற்றத்திலேயே இறக்கச் சொன்னாள். இறக்கி முடித்து வண்டி கிளம்பும் முன்பே கோடாலியோடு வந்துவிட்டாள். மறுநாள் டாக்சி நிலையத்தில் எண்ணெய்ச் சட்டிக்கு அடியில் வார்னிஷ் பூசிய கட்டில் கால்கள் எரிந்தன. மாவுருண்டை வாங்க வந்தவர்கள், என்ன விறகு இது, இப்படி நாறுகிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

செப்டம்பரில் வசந்தம் வந்ததும் மாவுக்கட்டை வெட்டி எடுத்தார்கள். எலும்பு கோணலாகத்தான் கூடியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் செசெத்து அத்தைக்கு உதவியாக டாக்சிகளுக்கு நடுவே தட்டேந்தி, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து விற்றாள். வேலை முடிந்து வுயோகாசி டாக்சி ஏறுகிற இடமும் அதுதான். ஒருமுறை டாக்சி சன்னல் வழியே கையை நீட்டி இரண்டு உருண்டை கேட்டாள். செசெத்து அடுத்த சன்னலுக்கு நகர்ந்து போனாள்.

"ஏ பிள்ளே, இங்க ஒருத்தி கேக்கறா பாரு!" என்று ஓட்டுநர் கூப்பிட்டார்.

"தீர்ந்துபோச்சு" என்றாள் அவள். தட்டு நிறைய இருந்தது.