மூன்றாவது ஓட்டு

ஆபரேட்டர் பேச்சியம்மாளின் மூன்று விரல்கள் நசுங்கிய மறுநாள் காலை ஷிப்டில், அந்த பிரஸ் மெஷின் ஒன்றை இரண்டைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. நடந்தது 2006 ஆடியில், ஓசூரில் பிரேக் தகடு அடிக்கும் ஒரு கம்பெனியில்.

மெஷினுக்குள் கை இருக்கிறதா என்று பார்க்க மூன்று கம்ப்யூட்டர்கள் இருந்தன. மூன்றும் ஓட்டுப் போடும். இரண்டு எந்தப் பக்கமோ அதுவே முடிவு. ஒன்று பழுதானாலும் மற்ற இரண்டும் காப்பாற்றும் என்பது ஏற்பாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி சென்சார் வைக்காமல், செலவை மிச்சம் பிடிக்க இரண்டுக்கு ஒரே சென்சாரிலிருந்து ஒயர் இழுத்திருந்தார்கள். சோதனை செய்ய வந்த காவேரிப்பட்டினத்து இன்ஜினியர் சௌமியா, அந்த சென்சாரில் எண்ணெய் தடவிவிட்டு, கைக்குப் பதில் வாழைத்தண்டை நீட்டினாள். இரண்டும் சேர்ந்தே குருடாயின, தண்டு கூழானது. எழுதிக் கொடுத்தாள். மேனேஜர் ஸ்ரீராம் அதை ஃபைலில் போட்டுவிட்டு, "அதான் மூணு இருக்குதில்லம்மா, போதும்" என்றார். படித்த மனிதர். படித்து என்ன கிழித்தார்?

எட்டாவது வாரம் சென்சாரில் தானாகவே எண்ணெய் படிந்தது. மூன்றாவது கம்ப்யூட்டர் கை இருக்கிறது என்றது, மற்ற இரண்டும் இல்லை என்றன, மெஷின் இறங்கியது. இதெல்லாம் கம்ப்யூட்டர் பதிவிலேயே இருந்தும், விபத்து அறிக்கையில் ஸ்ரீராம் ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதினார். எழுதிய கை கூசவில்லை. பேச்சியம்மாளுக்கு வேலை போயிற்று.

விபத்துக்கு மறுநாளிலிருந்து மூன்றாவது கம்ப்யூட்டர், உள்ளே ஒன்றுமே இல்லாதபோதும், கை இருக்கிறது என்றே சொன்னது. மெஷின் அந்த ஒற்றை ஓட்டுக்குக் கட்டுப்பட்டு அசையாமல் நின்றது. அந்தக் கம்ப்யூட்டரைக் கழற்றி எடைக்குப் போட்டார்கள். காலி இடத்திலிருந்து ஓட்டு விழுந்தது. பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள், பெங்களூரிலிருந்து ஆள் வரவழைத்தார்கள். பதினேழு நாள் ஒரு தகடுகூட வரவில்லை. பிறகுதான் பேச்சியம்மாளுக்கு வண்டி அனுப்பத் தோன்றியது அந்த மகானுபாவர்களுக்கு.

அவள் மெஷினைப் பார்க்கவே இல்லை. கட்டுப்போட்ட கையை ஸ்ரீராமின் மேசைமீது வைத்தாள். "என் கை அங்கனதான் இருந்துச்சு சார். இல்லைன்னு சொன்னது உங்க ஒயரு. அத எழுதுங்க."

அவர் அறிக்கையை அடித்துத் திருத்தி, கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே இரண்டு கம்ப்யூட்டருக்கும் தனித்தனி சென்சார் வந்தது, பேச்சியம்மாளுக்கு வேலை திரும்பியது, மெஷின் இறங்கியது.

மூன்றாவது கம்ப்யூட்டரை மட்டும் யாரும் திரும்ப வைக்கவில்லை. திரையில் இன்றும் மூன்று ஓட்டு விழுகிறது. பாதுகாப்புச் சோதனைக்கு வரும் ஆடிட்டர்கள் காலி இடத்தைக் காட்டிக் கேட்டால், அது பேச்சியம்மாளின் ஓட்டு என்கிறார்கள் கம்பெனிக்காரர்கள். ஆடிட்டர்களும் அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த மெஷினுக்குப் போகிறார்கள்.