விருந்தாளி கழுத்தில் வாடிய புதர்

மொலோக்காய் தீவின் மேட்டில், கம்பிவேலிக்குள் நின்றது அந்தப் புதர். அதன் இனத்தில் மிச்சம் அது ஒன்றுதான். பல ஆண்டுகள் பூக்காமல் கிடந்து, இந்த ஆண்டு பூத்தது. அதற்கு மகரந்தம் சுமந்த பறவை எப்போதோ அழிந்துவிட்டதால், ஹவுனானியே தூரிகையோடு மேடேறி ஒவ்வொரு பூவாகத் தொட்டுவிட்டு, வலைப்பை கட்டி, விதைக்காகக் காத்திருந்தாள். அரசு நாற்றுப்பண்ணையில் அவளும் நானும் வேலை பார்த்தோம்.

பூத்த செய்தி தலைநகருக்குப் போனது. புதரின் நிலையை, புதரைப் பார்க்காமலே தீர்மானிக்கிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். இயக்குநர் ஹோல்டன் விமானம் ஏறி வந்தார். எங்கள் பண்ணைத் தலைவர் அலிகா அங்கிள் பந்தல் போட்டு, தீவு வழக்கப்படி அவர் கழுத்தில் மாலையிட்டு, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

மாலையில் இருந்த வெள்ளைப் பூக்களைப் பார்த்ததும் ஹவுனானி அங்கிளை ஓரமாக இழுத்தாள்.

"அங்கிள், இந்தப் பூ ஏது?"

"கேள்வியைப் பாரு! நம்ம வேலிக்குள்ள இருந்ததுதான். விடிகாலைல நானே மேடேறிப் பறிச்சேன்."

"வலைப்பை கட்டியிருந்தேனே?"

"ஒண்ணையும் கிழிக்கலம்மா. பதமா அவுத்து, மடிச்சு, ஷெட்டுல வெச்சிருக்கேன்."

"ஒரு பூவாவது விட்டு வெச்சீங்களா?"

"எங்க விட? ஆளு தோளைப் பார்த்தியா? பத்தாம, பெரணி இலை சேர்த்துக் கட்டினேன்."

"விதைக்குக் கட்டினது அங்கிள் அது! விதைக்கு!"

"அதுக்காக? ஏர்போர்ட்ல விக்கிற மாலையைப் போட்டு நம்ம மானத்தை வாங்கச் சொல்றியா? அடுத்த வருஷம் பூக்காமலா போயிடும்?"

மேடையில் ஹோல்டன் தொண்டையைச் செருமினார். 'அருகிவரும்' வகுப்பிலிருந்து 'மிகவும் அருகிவரும்' வகுப்புக்குப் புதர் உயர்த்தப்படுவதாக அறிவித்தார். குமாஸ்தாவுக்குப் பதவி உயர்வு கிடைத்ததுபோல எல்லோரும் கைதட்டினார்கள்.

ஹவுனானி மேடையேறினாள். "கொஞ்சம் குனியுங்க சார்."

இன்னொரு மாலை என்று நினைத்து அவர் சந்தோஷமாகக் குனிந்தார். அவள் இருந்ததையும் கழற்றிக்கொண்டாள்.

கூட்டம் பதறிப்போனது. புதரை மொட்டையடித்தபோது பதறாத கூட்டம்!

"அடிப்பாவி, போட்ட மாலையைக் கழட்டுறாளே!" என்றாள் ஒரு ஆன்ட்டி.

"யார் வீட்டுப் பொண்ணு இது? மரியாதைன்னா என்னன்னே தெரியாதா?"

"சார், இது உங்க புதரோட பூ. இனி விதை கிடையாது," என்றாள் ஹவுனானி. "இன்னும் மேல ஏத்திடுங்க. மிச்சம் இருக்கறது ஒரே வகுப்புதான்."

ஹோல்டன் வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டார். "அதுக்கெல்லாம் ஆய்வுக்குழு கூடணும்மா," என்றார், மெய்யான வருத்தத்தோடு.

அவள் கீழே இறங்கி, அந்த மாலையை அலிகா அங்கிள் கழுத்தில் போட்டாள். முத்தம் தரவில்லை.

"கழட்டிடாதீங்க அங்கிள். மரியாதை இல்ல."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் எப்படிக் கழற்றுவார்? விருந்து முழுக்க அதோடுதான் உட்கார்ந்திருந்தார். வெயிலில் பூக்கள் பழுப்பேறி, ஒவ்வொன்றாக அவருடைய பன்றிக்கறித் தட்டில் உதிர்ந்தன. அவர் அவற்றைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட்டார்.