காந்தாவின் இரண்டு மருத்துவர்கள்

1

இக்கதை பிறந்த இடம் எங்கள் சமையலறை. நேற்று என் மனைவி காந்தா களி கிண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, 1998இல் நிகழாமற்போன ஒன்றை எழுத வேண்டும் எனத் தோன்றியது. ஐம்பது வயதில், பெங்களூர் ஒக்கலிபுரத்து மாலை வகுப்பில் தமிழ் எழுதக் கற்றவன் நான். கதை என்பது தொடக்கம், நடு, முடிவு என்னும் மூன்று உறுப்புகளை உடையது. நிகழாத ஒன்றுக்கு நடு எங்கே இருக்கும்?

2

முதல் தொடக்கம்: பெங்களூர் என்னும் எழில்மிகு மாநகரில், மழை சோவெனப்

(அன்று மழை இல்லை. விடுக.)

இரண்டாம் தொடக்கம்: காந்தா சர்க்கரை நோயாளி. காலில் ஆறாத புண்ணுடன் அன்று காலைதான் மருத்துவமனையில் சேர்ந்திருந்தாள். பிற்பகலில் வெள்ளைக் கோட்டு அணிந்த பெண்மணி ஒருவர் கட்டிலருகே வந்தார்.

"வாங்க சிஸ்டர்."

"சிஸ்டர் இல்லம்மா. கீழே பார்மசில இருக்கேன், ஜூடித். வீட்டு மாத்திரை எதுனா சாப்பிடறீங்களா?"

காந்தா தலையணைக்கு அடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள்.

"இது எங்க தெரு டாக்டர் குடுத்தது. ராத்திரி நர்ஸம்மா தரப்போறது உங்க டாக்டரோடது. ரெண்டையும் போட்டுக்கறேன். ரெண்டு பேருமே நல்லவங்க, யாரை விட்டாலும் கோவிச்சுக்குவாங்கல்ல?"

ஜூடித் சிரித்துவிட்டார். பிறகு அட்டையைத் திருப்பிப் படித்தார். சிரிப்பு நின்றது.

"பேருதாம்மா வேற. ரெண்டும் ஒரே மருந்து. சேர்த்துப் போட்டா சர்க்கரை ஒரேயடியா இறங்கிடும். தூக்கத்துலயே நினைவு தப்பிடும். எழுப்பினாலும் எழ மாட்டீங்க."

(மருத்துவர் எழுதுவதையும், செவிலியர் தருவதையும், நோயாளி தலையணைக்கடியில் வைத்திருப்பதையும் ஒருசேரப் பார்க்க ஒருவர் வேண்டும். அம்மருத்துவமனை அவ்வேலையை அப்போதுதான் மருந்தாளுநருக்குத் தந்திருந்தது.)

3

நடுப்பகுதிக்கு மோதல் தேவை. எனவே, ஜூடித் போய்ச் சொன்னதும் மருத்துவமனை மருத்துவர் சீனிவாசராகவன் சினந்தெழுந்து, "இதைக் கேட்க நீ யார்?" என மேசையை அறைந்ததாக எழுதி, காந்தாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"பொய்யி. 'நானே கேட்டிருக்கணும், தேங்க்ஸ் ஜூடித்'னாரு. வீட்டு மாத்திரைய நிறுத்தச் சொன்னாரு. நீ பக்கத்துலதானே நின்னுட்டிருந்தே?"

எழுதியதை அடித்துவிட்டேன். ஆகவே இக்கதைக்கு வில்லன் கிடையாது. (வில்லனை வருணிக்கும் பத்தி ஒன்றை மிகுந்த முயற்சியோடு பயின்று வைத்திருந்தேன்.)

4

மாற்று முடிவு: அன்று ஜூடித் மேலே வரவில்லை. காந்தா இரு மாத்திரைகளையும் விழுங்கினாள். விடியற்காலையில் நான் அவளை எழுப்பியபோது

"ஏன்யா, என்னைச் சாகடிச்சாத்தான் உன் கதை நல்லாருக்குமா? களி ஆறுது, வா."

வாக்கியத்தை அவ்விடத்திலேயே விட்டுவிட்டேன். வாசகரே, முடிக்க விரும்பினால் முடியுங்கள். அதற்குமுன் காந்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில்தான் இருக்கிறாள்.