பத்துக்குப் பத்து

அஜிஷா அக்காவைப் பற்றி அன்று நான் சொன்ன வாக்கியத்துக்குப் பத்துக்குப் பத்து கிடைத்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வீடு வரை சந்தோஷமாகத்தான் போனேன்.

மார்த்தாண்டத்தில் ஒரு பேக்கரியின் மாடியில், வெளிநாடு போகிற நர்ஸுகளுக்கு ஆன்றோ சார் ஆங்கிலம் நடத்துகிறார். அன்றைய பாடம், எதையும் கூட்டியும் குறைத்தும் சொல்கிற வார்த்தைகள். வெரி, ஃபேர்லி, டூ, இனஃப்.

"ஃபேர்லின்னா சுமாரா. வெரின்னா ரொம்ப. டூன்னா அளவு மிஞ்சிப் போச்சு, இனி காரியம் நடக்காது. ரெண்டையும் குழப்புனா அயர்லாந்துல சிரிப்பானுவ," என்றார்.

பிறகு தன் வழக்கப்படி ஒருவரை முன்னால் நிறுத்தினார். மற்றவர்கள் அவரைப் பற்றி ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும். சாருக்கு எப்போதும் அகப்படுவது அஜிஷா அக்காதான். நாற்பத்தொரு வயது, தேர்வில் மூன்று முறை தோற்றவர்.

வெரி ஃபேட் என்றாள் ரேஷ்மி. ஃபேர்லி டார்க் என்றாள் டெல்சி.

"ஃபேர்லியா? கண்ணைத் தொறந்து பாரு பிள்ளே," என்றார் சார். வகுப்பே குலுங்கியது. "சிந்தியா, நீ சொல்லு."

"ஷீ இஸ் டூ ஓல்ட் டு கோ," என்றேன். இனிப் போகவே முடியாத அளவுக்குக் கிழவி.

சார் மேசையைத் தட்டினார். "இதாக்கும் டூ!"

அக்காவும் சிரித்தார். கையிலிருந்த கைக்குட்டையை மட்டும் மடித்துக்கொண்டே நின்றார்.

அவர் எனக்கு யாரோ அல்ல. பக்கத்து ஊரான கருங்கல்லில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் எங்கள் வார்டுக்குப் பொறுப்பாளர். ஒரு மதியம் நான் ஃபோனில் மூழ்கியிருந்தபோது ஒரு பெரியவருக்கு ட்ரிப் பாட்டில் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறிவிட்டது. "எனக்க தப்பு டாக்டர்" என்று ஏச்சு வாங்கி என்னைக் காப்பாற்றியவர் அவர். பத்து மதிப்பெண் ஆசை அதையும் மறக்கடித்தது.

நான் தேறினேன். அக்கா நான்காவது முறையும் தோற்றார். அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி என்னை எடுத்துக்கொள்ளத் தயாரானது. வார்டு பொறுப்பாளரின் நற்சான்றுக் கடிதம் ஒன்றுதான் பாக்கி. எங்கள் பக்கத்தில் அதைப் போகிறவளே எழுதிக்கொள்வாள். தன்னைத் தானே வானளாவப் புகழ்ந்து நீட்டினால் பொறுப்பாளர் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். நானும் ஒன்பது இடத்தில் எக்ஸ்ட்ரீம்லி போட்டு நீட்டினேன்.

அக்கா அதை வாங்கி மடித்து வைத்தார். "நீ எதுக்கு மக்கா மெனக்கெடுதே? நானே எழுதி அனுப்புதேன். சாரு படிப்பிச்ச பாடந்தானே."

ஒரே வாரத்தில் வேலை இல்லையென்று ஆயிற்று. காரணம் கேட்டபோது ஏஜென்சிக்காரர் அந்தக் கடிதத்தையே அனுப்பிவைத்தார். அதற்கு ஒரு மறுப்பு எழுதித் தாருங்கள் என்று கேட்க, அழுதுகொண்டே ஆன்றோ சாரிடம் ஓடினேன். அவர் சத்தமாக வாசித்தார்.

சிந்தியாவின் ஆங்கிலம் எக்ஸ்ட்ரீம்லி குட். நேரத்துக்கு வருவதில் ஃபேர்லி குட். ஆனால் ஒரு நோயாளியை நம்பி ஒப்படைக்க, ஷீ இஸ் நாட் கேர்ஃபுல் இனஃப். அதற்குரிய கவனம் போதாது. கீழே ட்ரிப் தீர்ந்த தேதி. பழியைத் தான் ஏற்றதையும் அக்கா ஒளிக்காமல் எழுதியிருந்தார்.

"இதுல பொய் எது?" என்று கேட்டார் சார்.

அவர் சிவப்புப் பேனாவை எடுத்து மறுபடி வரிவரியாகப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"அஜிஷாவா எழுதுனா? பத்துக்குப் பத்து."