போசன் சட்டை போட்டுக்கொண்ட விதம்

அன்றைக்குக் காலையில் கண்ணாடி முன்னால் நின்று போசன் தன் வலது கையைத் தூக்கிப் பழகிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அவர் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னே வராதா? கையைத் தூக்க முடியவில்லை என்று மனு போட்டுவிட்டு, அதைச் சோதிக்கப்போகிற நாளில் தூக்கிப் பழகுகிற மனுஷனை வேறெங்கே பார்க்க முடியும்?

"என்னங்க பண்றீங்க?"

"சும்மாதான். மரத்துப்போன மாதிரி இருந்துச்சு, உதறிவிட்டேன்."

"உதறுற மூஞ்சியா இது? வேர்த்துக் கொட்டுது!"

போசன் என்றால் கப்பலின் மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் தலைவர். இருபத்திரண்டு வருஷம் கடலில் கிடந்தவரைத் தெருவில்கூட யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏழு மாதத்துக்கு முன், துறைமுகத்தில் கப்பலைக் கட்டும்போது தடிக்கயிறு அறுந்து வந்து தோளில் அடித்தது. தலை தப்பியது; தோள் தப்பவில்லை. அந்தக் கை இப்போது தானாக மேலே வராது. பல்லைக் கடித்து ஒரே வீச்சில் எறிந்தால் காதுவரை போகும். அப்புறம் மூன்று நாளைக்குப் படுக்கைதான்.

கம்பெனி டாக்டர், 'வேலைக்குத் தகுதி' என்று எழுதிவிட்டார். யூனியன் அனுப்பிய டாக்டர், 'இனிக் கப்பலுக்கு ஆகாது' என்றார். இழுபறிக்குப் பிறகு இரண்டு தரப்பும் பொதுவாக ஒரு மூன்றாவது டாக்டரை ஒத்துக்கொண்டார்கள். அவர் எழுதுவதுதான் கடைசி. ஊனத்துக்கான இழப்பீடு கிடைக்குமா கிடைக்காதா என்பது இன்று தெரிந்துவிடும். கிடைக்காவிட்டால் மனுஷன் அந்தக் கையோடு மறுபடி கப்பல் ஏறிவிடுவார். அடுத்த கயிறு அறுந்தால்? அதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கம்பெனி டாக்டரை அவள் மூன்று மாதம் வாயார வைதாள். அப்புறம் யூனியன்காரர்தான் ஃபைலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, அந்த டாக்டர் மேல தப்பில்ல. அண்ணனே கையைத் தூக்கிக் காட்டியிருக்கார். வலிக்குதான்னு கேட்டதுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லியிருக்கார்."

"ஐயோ, ஏன் இப்படி?"

"கப்பல்காரங்க எல்லாரும் இப்படித்தாங்க்கா. ஒவ்வொரு தடவை ஏறுறதுக்கு முன்னாடியும் டாக்டர் பரிசோதனை. வலின்னு வாயைத் திறந்தா கப்பல் இவங்களை விட்டுட்டுப் போயிடும். டாக்டரைப் பார்த்தாலே வாய் தானா ஒண்ணுமில்லன்னுடும். இந்தத் தடவை நீங்களும் கூடப் போங்க. ஆனா உள்ள நீங்க பேசக் கூடாது. பொண்டாட்டி சொல்லிக்கொடுத்தான்னு கம்பெனிக்காரங்க எழுதிடுவாங்க."

இருபத்திரண்டு வருஷம். காய்ச்சலை, பல்வலியை, இடுப்புப் பிடிப்பை எல்லாம் 'ஒண்ணுமில்ல' என்று விழுங்கித்தான் அந்த மனுஷன் கப்பல் ஏறியிருக்கிறார். குடும்பம் நின்றதே அந்த ஒரு வார்த்தையில்தான். அவரைத் திட்டவும் அவளுக்கு மனசு வரவில்லை.

பஸ்ஸில் ஏறியதும் கெஞ்சிப் பார்த்தாள். "உள்ளதை மட்டும் சொல்லுங்க. போதும்."

"சரிடி. நான் என்ன சின்னப் புள்ளையா?"

அப்படிச் சொன்ன பெரிய மனுஷன் கிளம்புவதற்கு முன் இரண்டு வலி மாத்திரை போட்டிருக்கிறார். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தபோது காலி மாத்திரை அட்டை கையில் தட்டுப்பட்டது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில், டாக்டர் வருவதற்குள் சட்டையைக் கழற்றி வைக்கச் சொன்னாள் நர்ஸ். மனைவிதான் கழற்றிவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். டாக்டர் வயதான அம்மா. மூக்கு நுனியில் கண்ணாடி. அளந்து அளந்து பேச்சு.

"கையைத் தூக்குங்க."

போசன் எறிந்தார். காதுவரை போயிற்று. நெற்றியில் வேர்வை பூத்தது, உதட்டில் சிரிப்பு.

"வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல சார்."

டாக்டரம்மாவைப் போய் சார் என்கிறார்! வாய்க்குப் பழகிப்போனது அப்படி. வேறு சமயமாயிருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் ஏதோ எழுதினார்.

"சரி, சட்டையைப் போட்டுக்கிட்டுக் கிளம்பலாம்."

போசன் நேராக அவளிடம் வந்தார். முதுகைக் காட்டி நின்று, வலது கையைத் தொங்கவிட்டார். வீட்டில் தினமும் காலையில் இப்படித்தான். அவள் முதலில் அந்தக் கையில் சட்டையை ஏற்றி, முதுகைச் சுற்றி இழுத்து, பொத்தானையும் போட்டுவிடுவாள். வலிக்குதா என்பாள், ஒண்ணுமில்ல என்பார்; அதற்கு மேல் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அவள் கை தானாக எழுந்தது. பாதியில் நின்றது. தானும் சேர்ந்துதானே இத்தனை நாளாக மறைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. சட்டையை அவருடைய இடது கையில் கொடுத்துவிட்டு, தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

போசன் திரும்பிப் பார்த்தார். "ஏய்..." என்றார், மெல்ல.

அவள் தரையையே பார்த்தாள்.

அவர் இடது கையை நுழைத்தார். சட்டை முதுகுக்குப் பின்னால் தொங்கியது. வலது கை பின்னால் போகவில்லை. உடம்பை வளைத்தார், நெளித்தார். சட்டை நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடியும் ஆரம்பித்தார். கட்டிக்கொண்டவனை இப்படித் தவிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே, நாமெல்லாம் ஒரு பொம்பளையா என்று தன்னையே வைதுகொண்டாள். கண்ணீர் மடியில் சொட்டியது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்திருந்தார்.

"எத்தனை மாசமா இவங்க உங்களுக்குச் சட்டை போட்டுவிடறாங்க?"

"ஒண்ணு..." என்று ஆரம்பித்த போசனின் வாய் கோணிக்கொண்டது. "ஏழு மாசம்மா. முடியலம்மா. வலிக்குது. ரொம்ப வலிக்குது."

டாக்டர் எழுதியதை ஒரே கோடாக அடித்துவிட்டு, அவரை உட்காரவைத்து, விரல் நுனியிலிருந்து கழுத்துவரை முதலிலிருந்து பார்த்தார். அரைமணி நேரம் ஆயிற்று. கடைசியில், "இந்தக் கையோட இனிமே கப்பல் வேலை முடியாது. அப்படியே எழுதிட்டேன். இழப்பீட்டுக்கு இது போதும்" என்றார்.

போசன் தலையை ஆட்டினார். கிடைத்ததற்குச் சந்தோஷப்படுவதா, கடல் போனதற்கு அழுவதா என்று தெரியாத முகம். அவள் எழுந்து போய்ச் சட்டையை விரித்தாள். வழக்கம்போல வலது கையில் ஏற்றி, தோளுக்கு இழுத்தாள்.

"மெதுவா. அங்க இழுத்தா வலிக்குது" என்றார் போசன்.

அவள் கை நின்றுவிட்டது. தினமும் காலையில் வலிக்குதா என்று கேட்டுக் கேட்டுத்தானே போட்டுவிட்டாள்!

"இங்கயா?"

"ஆமா."

"தினமுமா?"

"தினமும்தான்" என்றார் அவர்.