மார்பெக்குக்காக வெளியே நின்றவன்

மார்லிஸின் பாரில் டி.வி. தெருப்பக்க ஜன்னலுக்கு நேர் மேலே இருந்தது. அவளுடைய முன்னாள் கணவன் ஹாக்கி பார்ப்பதற்காக மாட்டியது. எங்கள் ஊரான டுலூத்தில் எதை எங்கே மாட்டினாலும் அது ஹாக்கிக்காகத்தான் இருக்கும். சனிக்கிழமை காலைகளில் மட்டும் அந்த இடம் எங்களுடையது. எங்கள் கால்பந்து அணி மார்பெக் டவுன், இங்கிலாந்தின் வடக்கே ஏதோ ஒரு ஊர். எங்களில் கர்ட் ஒருவன்தான் அங்கே போய் வந்தவன். எப்படி இருந்தது என்று கேட்டால், "மழை, ஆறிப்போன மீட் பை, மூணு-பூஜ்யம் தோத்தோம். சொர்க்கம்டா," என்பான்.

ஹாக்கிக்காரர்கள் எங்களைக் கடந்து போகும்போது ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "மார்பெக்கா? அது எந்த ஸ்டேட்டுப்பா?"

நான் மார்பெக்கைப் பிடித்துக்கொண்டதற்குப் பெரிய காரணம் இல்லை. காலேஜ் விடுதியில் ஆடிய வீடியோ கேமில் இருப்பதிலேயே மட்டமான அணி அதுதான். அதை வைத்து எல்லாரையும் தோற்கடித்தேன். பரீட்சைகளில் நான் தோற்றேன். காலேஜ் போய்விட்டது, மார்பெக் மட்டும் தங்கிவிட்டது. இப்போது மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை. சனிக்கிழமை வேலை முடிந்ததும் நேராக பாருக்கு வருவேன். கையில் பிளீச் வாசனை போகாமல் இருக்கும். வாரத்தில் நான் மனிதர்களோடு உட்காரும் ஒரே நேரம் அது.

பாரில் இரண்டு விதிகள் உண்டு. முதலாவது, எல்லார் போனும் ஐஸ் வாளிக்குள் போக வேண்டும். எங்களுக்கு வரும் ஒளிபரப்பு அரை நிமிடம் பின்தங்கி வரும். திரையில் பந்து நடுமைதானத்தில் இருக்கும்போதே போன் உறுமி, கோல் விழுந்துவிட்டது என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மார்லிஸ் போன்களை வாளியில் போட்டு, மேலே ஒரு கனத்த டவலைச் சுற்றி, கவுண்டருக்குக் கீழே வைத்துவிடுவாள். இரண்டாவது, மார்பெக் கோல் போடும்போது யார் எங்கே இருந்தாலும் ஆட்டம் முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். கர்ட்டின் மச்சினி ஒருமுறை பாதி ஆட்டத்தைக் கழிப்பறையில் கழித்தாள். சாண்ட்விச்சைக் கதவைத் திறந்து நீட்டினோம். அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

அக்டோபரில் ஒரு நாள் நான் சிகரெட் பிடிக்க வெளியே போனேன். ஜன்னலுக்கு வெளியே நின்று பற்றவைத்ததுதான் தாமதம், உள்ளே எல்லாரும் துள்ளிக் குதித்தார்கள். நான் கதவைத் திறந்தபோது கர்ட் குறுக்கே நின்றான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். ஆறடிக்கு மேல் உயரம், சண்டை போடும் பையன்களைப் பிரித்துவிட்டுப் பழகிய கைகள்.

"எங்கடா வர்ற?"

"குளுருதுடா. கோல் யாரு போட்டா?"

"நீ போட்ட. அங்கயே நில்லு, ஆர்லோ. கால அசைக்காத."

நான் சிரித்தேன். அன்றைக்கு ஜெயித்தோம். அடுத்த வாரம் தோற்றுக்கொண்டிருந்தபோது, "ஆர்லோ, உனக்கு சிகரெட் வேணாமா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். வெளியே போய் நின்றேன். மார்பெக் இரண்டு கோல் போட்டது. மூன்றாவது வாரம் யாரும் கேட்கவில்லை. ஆட்டம் தொடங்குமுன் மார்லிஸ் என் கோட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

வெளியிலிருந்து திரை தெரியாது. அதன் வெளிச்சம் மட்டும் முகங்களில் விழுவது தெரியும். அந்த முகங்களை வைத்து ஆட்டத்தைப் படிக்கப் பழகினேன். எல்லாருடைய தாடையும் இடதுபக்கம் திரும்பினால் பந்து நம்மிடம். மார்லிஸ் கண்ணை மூடினால் எதிரணிக்குக் கார்னர். கர்ட் பீரைக் கீழே வைத்தால் பந்து பெனால்டி எல்லைக்குள். டிசம்பருக்குள் எனக்கு ஆட்டம் முழுவதும் புரிந்தது, பந்தைத் தவிர.

ஜனவரியில் ஏரிக்காற்று வந்தது. விரல் நுனிகள் வெளுத்து உணர்வு போனபோது பொறுக்க முடியாமல் கதவைத் தள்ளி ஒரு காலை உள்ளே வைத்தேன். உள்ளே யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் ஒரே குரலில் முனகினார்கள். நான் காலை வைத்த நொடியில் எதிரணி கோல் போட்டிருந்தது. பிறகு ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பினார்கள். அவர்கள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பரவாயில்லை.

சிறிது நேரத்தில் மார்லிஸ் வெளியே வந்தாள். தோளில் ஒரு போர்வையைப் போட்டுவிட்டு, கையில் காட்டரிசி சூப்பைக் கொடுத்தாள்.

"சூடா குடிப்பா. இன்னும் வேணும்னா ஜன்னல்ல தட்டு, எடுத்தாறேன். கதவுக்குள்ள மட்டும் வந்துராத, சரியா?"

"மார்லிஸ், இதெல்லாம் நெஜம்னு நம்புறீங்களா?"

"நான் எதையும் நம்பலப்பா. ஆனா ஜெயிக்கிறோமில்ல?"

உண்மைதான். மார்பெக் ஜெயித்துக்கொண்டே இருந்தது. நூறு வருடமாக இரண்டாம் டிவிஷனையும் மூன்றாம் டிவிஷனையும் தாண்டாத அணி, மே மாதத்துக்குள் முதல் டிவிஷனுக்குப் போகும் கடைசி ஆட்டம்வரை வந்துவிட்டது.

மார்ச் வாக்கில் ஒன்றைக் கவனித்தேன். பாருக்குள் இருந்தவர்களின் பார்வை இறங்கியிருந்தது. முன்பெல்லாம் ஜன்னலுக்கு மேலே பார்ப்பார்கள், கழுத்து லேசாக நிமிர்ந்திருக்கும். இப்போது கழுத்து நேராக இருந்தது. நான் சரியான இடத்தில் நிற்கிறேனா என்று பார்க்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். ஒருமுறை கால் மரத்துப்போய் எடையை வலதுகாலுக்கு மாற்றினேன். உள்ளே இருந்த அத்தனை பேரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். தூக்கமில்லாதவன் கண்ணுக்கு எதுவும் தெரியும் என்று சொல்லிக்கொண்டேன். அதன்பிறகு நின்ற இடத்தில் அசையாமல் நிற்கப் பழகினேன்.

கடைசி ஆட்டம் மே மாத இறுதியில். ஊரில் எல்லாருக்கும் கோடை வந்துவிட்டது, எங்களுக்கு மட்டும் ஏரியிலிருந்து மூடுபனி வந்தது. எதிர்ப்பக்கத்து அடகுக்கடையின் பெயர்ப்பலகைகூடத் தெரியவில்லை. நான் வாசலில் கர்ட்டிடம் போனைக் கொடுக்காமல் நின்றேன்.

"இன்னிக்கு நான் உள்ள உக்காந்து பாக்கப்போறேன்."

"வெளாடாதடா."

"பதினோரு வருஷமா இதே டீம்தான் எனக்கு. இந்த வருஷம் ஒரு கோல்கூட கண்ணால பாக்கல. இந்த ஒண்ணையாவது உங்களோட உக்காந்து பாக்கணும்."

கர்ட் என் தோளில் கை வைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "பதினோரு வருஷம்ங்கற. எங்கப்பா இந்த டீமத் தேடி ரேடியோல முள்ளத் திருகிட்டு உக்காந்திருப்பாரு. பாக்காமலே போய்ச் சேந்துட்டாரு. உன்கிட்ட நான் கெஞ்சணுமா? கெஞ்சறேன், போ. முதல் பாதி மட்டும் நில்லுடா."

"முதல் பாதி மட்டும்தான்."

"நம்ம டீம் முன்னால இருந்தா ரெண்டாவது பாதி உள்ள வா. என் சேர்லயே உக்காரு."

போனைக் கொடுத்தேன். அது வாளிக்குள் விழும் சத்தம் கேட்டது. கதவு மூடியது.

முதல் பாதியில் எதுவும் நடக்கவில்லை. முகங்கள் அசைந்தன, வெளிச்சம் அவற்றின்மேல் நீலமும் பச்சையுமாக ஓடியது. இடைவேளையில் யாரும் எழுந்துகொள்ளவில்லை. யாரும் என்னை உள்ளே கூப்பிடவும் இல்லை. நானும் ஏதோ ஒரு முட்டாள்தனத்தில் அப்படியே நின்றேன்.

இரண்டாம் பாதி தொடங்கிச் சிறிது நேரத்தில் திரை அணைந்தது.

எனக்கு அது முகங்களில் தெரிந்தது. வெளிச்சம் சட்டென்று போனது. கவுண்டருக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தது. யாராவது கத்துவார்கள், ரிமோட்டைத் தேடுவார்கள், கர்ட் நாற்காலிமேல் ஏறி ஒயரை ஆட்டுவான் என்று காத்திருந்தேன். யாரும் நகரவில்லை. ஒருவர் முகமும் மாறவில்லை. மார்லிஸ் கிளாசைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள். எல்லாரும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கையைத் தூக்கி, டி.வி. போய்விட்டது என்று மேலே காட்டினேன். அத்தனை பேரும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்கள். கையை இறக்கினேன். உட்கார்ந்தார்கள். கர்ட் தலையில் அடித்துக்கொண்டான். கிட்டத்தட்ட கோல் ஆகியிருக்கும் என்று அர்த்தம். இடப்பக்கம் ஓர் அடி வைத்தேன். தாடைகள் திரும்பின. இன்னொரு அடி. மார்லிஸின் கையில் துணி நின்றது. கர்ட் பீரைக் கீழே வைத்தான். ஓடிவிடலாம் என்றுதான் திரும்பினேன். நடைபாதை ஈரத்தில் செருப்பு வழுக்கி, கீழே விழாமல் இருக்க ஜன்னல் சட்டத்தைப் பிடித்தேன்.

கண்ணாடி அதிரும்படி கூச்சல் எழுந்தது. ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். பீர் மேலே பறந்தது. கர்ட் முகத்தை மூடிக்கொண்டு அழுதான், விரலிடுக்கு வழியே என்னைப் பார்த்துக்கொண்டே.

நான் நேராகக் கதவைத் திறந்து உள்ளே போனேன். குறுக்கே யாரும் வரவில்லை. வந்து தடுத்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். என் கால் உள்ளே பட்டதும் எல்லாரும் முனகினார்கள், ஜனவரியில் முனகியது போலவே. கதவருகே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"ஸ்கோர் என்ன?"

"ஒண்ணு-ஒண்ணு." கர்ட் திரும்பவில்லை. "உன்னாலதான். இப்ப பேசாத."

"கர்ட், டி.வி. ஆஃபாயிருக்குடா."

"தெரியும்பா," என்றாள் மார்லிஸ், நேரமாகிவிட்டது என்று சொன்னதற்குப் பதில் சொல்வது போல.

நிமிர்ந்து பார்த்தேன். கறுப்புத் திரை, மேலே தூசி. எழுந்து போய் வாளியிலிருந்து என் போனை எடுத்தால் உண்மையான ஸ்கோர் தெரிந்துவிடும். எழ நினைத்தேன். ஆனால் அதற்குள் என் கண் ஜன்னலுக்குப் போய்விட்டது.

அங்கே எதுவும் இல்லை. ஈர நடைபாதை, பனி, நான் நின்று நின்று தேய்ந்த ஓரம். பனி இடமிருந்து வலமாக மெதுவாக நகர்ந்தது. மோசமான பாஸ், என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை. ஒரு கார் விளக்கைப் போட்டுக்கொண்டு கடந்தது. எல்லாரோடும் சேர்ந்து நானும் மூச்சை இழுத்தேன். உள்ளே கதகதப்பாக இருந்தது. பக்கத்திலிருந்தவன் தோள் என் தோளில் இடித்தது. எட்டு மாதமாக நான் ஏங்கிய தோள் அது. நான் கண்ணை எடுக்கவில்லை.

நேரம் போய்க்கொண்டிருந்தது. கர்ட் வாய்க்குள், "யாராச்சும் வாங்கடா, யாராச்சும் வாங்கடா," என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு பெண்மணி வந்தார். அறுபது வயதிருக்கும். மழைக்கோட்டு, கையில் தக்காளி நாற்றுகள் நிறைந்த அட்டைப்பெட்டி. யாருடைய காருக்கோ காத்திருப்பவர் போலத் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பெட்டியின் கனம் தாங்காமல் ஜன்னலுக்கு வெளியே நின்றார். சரியாக அந்த இடத்தில்.

நான் ஸ்டூல்மேல் நின்றுகொண்டிருந்தேன். எப்போது ஏறினேன் என்று தெரியாது. தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். கர்ட் என்னைத் தூக்கிச் சுற்றினான். இரண்டு-ஒன்று. இரண்டு-ஒன்று என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, தெரிந்தது.

கத்தி ஓய்ந்து மூச்சு வாங்கும்போதுதான் கவுண்டருக்குக் கீழே வாளி உறுமத் தொடங்கியது. டவலுக்குள் பதினைந்து பதினாறு போன்களும் ஒரே நேரத்தில். எப்போதும் போன்கள்தான் எங்களை முந்தும். அன்று நாங்கள் முந்தியிருந்தோம்.

மார்லிஸ் டவலைக் காலால் அழுத்தினாள். யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எல்லாரும் மறுபடி உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தார்கள். இன்னும் சில நிமிடம் தாக்குப்பிடித்தால் போதும்.

எங்கள் கூச்சலில் அந்தப் பெண்மணி திடுக்கிட்டுத் திரும்பியிருந்தார். கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு பெட்டியை இடுப்பில் சாய்த்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். மொத்த அறையும் அலறியது. கதவுக்குப் பக்கத்தில் இருந்தவன் நான்தான்.

போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். வெளியிலிருந்து அவர் தள்ளினார். நான் உள்ளிருந்து அழுத்தினேன். கதவு ஒரு விரல் அளவு திறந்து நின்றது.

"தொறந்திருக்கில்ல?" என்றார். "பாத்ரூம் போகணும்ப்பா. என் பையன் வண்டிய எடுத்துட்டு எங்க போனான்னே தெரியல."

"கொஞ்ச நேரம் வெளியவே நில்லுங்கம்மா."

"நாத்தெல்லாம் நனையுது."

"ஆட்டம் முடியப்போவுது. முடிஞ்சதும் நானே தொறந்து விடறேன். காப்பி வாங்கித் தரேன்."

"என்ன ஆட்டம்?"

அவர் என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார். அணைந்த டி.வி.யைப் பார்த்திருக்க முடியாது, அது கதவு இருந்த அதே சுவரில், உள்பக்கம் பார்த்து இருந்தது. அவருக்குத் தெரிந்தது முகங்கள்தான். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார்.

எனக்குப் பின்னால் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இடம் சரியில்லை, எனக்கே தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்கம்மா," என்றேன். "ஆங், ஜன்னல் பக்கம். அப்படியே நில்லுங்க."