வேலிக்குள் போன புல்

1
இந்தக் கதை எனக்குத் தையல் கடையில் கிடைத்தது. கால்சட்டையைச் சுருக்கித் தரச் சொல்லிப் போயிருந்தேன். "இடுகாட்டு மூலைல வேலி போட்டுட்டாங்க சார்," என்றார் தையல்காரர். வாயில் குண்டூசி இருந்ததால் இரண்டாம் முறைதான் விளங்கிற்று.

முதலில் எழுதிய தொடக்கம்: 'காற்றில் அலையலையாய் ஆடிய புற்களுக்கு நடுவே...' (வேண்டாம். எந்தக் கதையில்தான் புல் ஆடாமல் நிற்கிறது?)

2
தையல்காரரின் மனைவி அந்த மூலையில்தான் இருக்கிறார். ஞாயிறுதோறும் இவர் போய்க் கல்லறைக் கல்லருகே உட்கார்ந்து ஊர்க்கதை சொல்வார்: யார் பருத்தார்கள், யார் இளைத்தார்கள். அளவு நாடா வைத்திருப்பவருக்குத் தெரியாததா? சுற்றிலும் இடுப்புயரத்துக்குப் புல் கொத்துக்கொத்தாக வளர்ந்திருந்தது.

ஒரு ஞாயிறு, யாரோ ஒரு பெண் கல்லருகே மண்டியிட்டிருந்தாள்.

"யாரும்மா? இவளுக்குச் சொந்தமா?"

"இல்லங்க ஐயா. புல்லைப் பாக்க வந்தேன்."

புல் ஆராய்ச்சி செய்பவள். இந்த மண்ணுக்கே உரிய புல்லாம். மேலே காய்ந்தாலும் வேர் சாகாதாம். மழை விழுந்ததும் தளிர்க்குமாம். சுற்றுவட்டாரத்தையெல்லாம் உழுது, வீடு கட்டியாயிற்று. ஏர் படாமல் தப்பியது இந்த மூலை மட்டும்.

(இங்கே வேரையும் மனைவியையும் ஒப்பிட்டு ஒரு பத்தி இருந்தது. அவருக்குப் படித்துக் காட்டினேன். "அவ தளிர்க்கலியே சார்," என்றார். பத்தியை அடித்துவிட்டேன்.)

3
புல்லைக் காக்க வேலி வந்தது. பூட்டும் வந்தது. கல் உள்ளே, அவர் வெளியே.

"மிதிச்சா செத்துருமாம். இங்கேருந்தே பேசிட்டுப் போங்க," என்றார் காவலாளி.

"கத்திப் பேசற விஷயமாய்யா அது?"

அன்று அவர் கம்பியைப் பிடித்தபடி

(இந்த வாக்கியம் இதற்கு மேல் நகரவில்லை. நிற்பவரை நான் ஏன் நகர்த்த வேண்டும்?)

ஆராய்ச்சிக்காரியிடம் அவர் சண்டை போடுவதாக ஒரு காட்சி எழுதினேன். ஒட்டவில்லை. கை நீளம் குறைகிறது என்று சட்டையை முகத்தில் எறிந்தவரிடம்கூடக் குரல் உயர்த்தாத மனிதர் அவர். நடந்தது இவ்வளவுதான்:

"செருப்பைக் கழட்டிட்டுப் போறேம்மா."

அவள் ஒரு கதிரைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "விதை உதிரட்டும் ஐயா. உங்க ஒருத்தருக்கு மட்டும் வழி வெட்டித் தரேன். ஆனா வேரோட எடுக்கறதால அந்த இடத்துல புல்லு மறுபடி வராது. வெட்டவா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க," என்றாள்.

4
இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் வழி வெட்டப்படுகிறது. அவர் போய் உட்கார்கிறார். மற்றதில் வேண்டாம் என்கிறார். புல் கல்லை மூடுகிறது. இரண்டையும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு," என்று ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினார்.

விதை உதிர்ந்துவிட்டது. ஆராய்ச்சிக்காரி கடைக்கே வந்து கேட்டாள். தையல்காரர் எல்லோருக்கும் சொல்வதையே அவளுக்கும் சொன்னாராம்: நாளைக்கு.

எனக்கு இதற்கு மேல் கை ஓடவில்லை. வெட்டலாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

"ஏன் தள்ளிப் போடறீங்க?" என்று நேற்று அவரிடமே கேட்டேன்.

"எதையும் அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் சார் செய்வேன்," என்றார். "கேக்கறதுக்கு உள்ள போகணுமே."